கம்பைநல்லூரிலிருந்து கொண்டுவந்த பயாஸ்

வேலையிலிருந்து நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. தர்மபுரி, சேலம் பக்கத்துக் கம்ப்யூட்டர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் நான் இன்னும் வெளியே வரவில்லை. போன மாதம் அதில் ஒருவர் ஒரு படம் போட்டார். பயாஸ் மாற்றும்போது செத்துப்போன கிராபிக்ஸ் கார்டு, திரைக்குப் படம் அனுப்புகிற பாகம். இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கடைசியில் ஒருவர், அக்கா அப்படி ஒரு கார்டைப் பிழைக்க வைத்ததாகக் கேள்விப்பட்டேன், அவரே எழுதட்டும் என்று என்னை இழுத்துவிட்டார்.

பிழைக்க வைத்தது உண்மைதான். அந்தக் கார்டைக் கொன்றதும் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. குழுவில் நாலு வரியில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் பெண்கள் மூன்று பேர். மற்ற இருவரும் படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி தர்மபுரி வந்த இடத்தில், டவுனில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த காதர் பாய் வேலை கொடுத்தார். சேர்ந்த முதல் வாரம் ஒருவர் பெரிய டிவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் கடைக்குள் எட்டிப் பார்த்து, “ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?” என்றார். பாய் உள்ளேயிருந்து வந்து, “நான் இருக்கேன். ஆனா எனக்குக் கண்ணு சரியில்லீங்க, அவங்கதான் பாப்பாங்க” என்றார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. வந்தவரிடம் சண்டையும் போடாமல், என்னையும் விட்டுக்கொடுக்காமல் சொன்ன அந்த ஒரு பொய்யில்தான் என்னுடைய முப்பத்து நாலு வருட வேலை நின்றது.

டிவி போய் கம்ப்யூட்டர் வந்தது. பாய் காலமான பிறகு அவர் மகன் இம்தியாஸ் கடையை எடுத்துக்கொண்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. அவருக்குக் கீழே வேலை செய்வது எப்படி இருக்குமோ என்று தொடக்கத்தில் எனக்குத் தயக்கம் இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் ‘சார்’, மற்ற நேரத்தில் ‘தம்பி’ என்று நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அவருக்கு நான் எப்போதும் ‘அக்கா’தான், யார் இருந்தாலும்.

இம்தியாஸ் மெதுவாகப் பேசுவார். ஈயத்தை உருக்க ஹாட் ஏர் ஊதுகிற மெஷினை நிறுத்தினால்தான் அவர் சொல்வது காதில் விழும். பொருள் உள்ளே வந்ததும் ஒரு வெள்ளை டேப்பை அதன்மேல் ஒட்டி, அது வந்தபோது எப்படி இருந்தது என்று தன் கையால் எழுதுவார். ‘ஆன் ஆகிறது, சத்தம் வருகிறது, இடது மூலை கீறல்’ என்கிற மாதிரி. ஏதாவது கெட்டுப்போனால் யார் செய்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. “கடைசியா எது வேலை செஞ்சது?” என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு, பதில் முடிகிறவரை வாயைத் திறக்க மாட்டார். இப்படி ஒரு மேலதிகாரி வாய்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இந்தக் கார்டு கெட்ட வாரம்தான் புரிந்தது.

பொம்மிடியிலிருந்து கலையரசி என்ற பெண் ஒரு கம்ப்யூட்டர் கேபினட்டையும் புது மானிட்டரையும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். முப்பது வயது இருக்கும். சேலத்தில் உள்ள ஒரு பல் லேபுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். டாக்டர் எடுத்து அனுப்பும் வாயின் அளவை வைத்து, கட்டவேண்டிய பல்லை கம்ப்யூட்டரில் மேடு பள்ளத்தோடு வடிவமைத்து அனுப்புவார். அதைப் பார்த்துத்தான் லேபில் பல்லைக் கடைந்தெடுப்பார்களாம். புது மானிட்டர் வாங்கிய பிறகு ஒரு தொல்லை. கம்ப்யூட்டரைப் போட்டால் திரை இருட்டாகவே இருக்கிறது, விண்டோஸ் வந்த பிறகுதான் வெளிச்சம் வருகிறது. விண்டோஸ் வருவதற்குள் செட்டிங் ஏதாவது மாற்றவேண்டும் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி விட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அந்தக் கோளாறு புதிதில்லை. கார்டின் பயாஸ் பழையதாக இருந்தால் சில புது மானிட்டர்களோடு இப்படி ஆகும். பயாஸ் என்பது கார்டிலேயே ஒரு சின்ன சிப்பில் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. கரண்ட் வந்ததும் கார்டு முதலில் அதைத்தான் படிக்கும். தான் எந்தக் கார்டு, தன்மேல் இருக்கும் மெமரி யார் செய்தது, அதை எந்த வேகத்தில் ஓட்டவேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். புதுக் குறிப்பை ஏற்றினால் தீர்ந்தது. அதற்கு முன் அப்படி ஐந்தாறு கார்டுகளுக்குச் செய்திருக்கிறேன், எல்லாம் சரியாக வந்தது. அந்த தைரியம்தான் கெடுத்தது.

இணையத்தில் அதே மாடல் பெயரில் ஒரு பயாஸ் ஃபைல் கிடைத்தது. எப்போதும் பழையதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் புதியதை ஏற்றுவேன். அன்றைக்கு எடுக்கவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நல்ல காரணம் ஒன்றும் இல்லை, எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஏற்றும் புரோகிராம், இந்த ஃபைல் இந்தக் கார்டுக்குப் பொருந்தவில்லை, தொடரவா, ஆம் என்றால் ‘ஒய்’ அழுத்தவும் என்று கேட்டது. ‘ஒய்’ அழுத்தினேன். நிச்சயமா என்று மறுபடியும் கேட்டது. மறுபடியும் ‘ஒய்’ அழுத்தினேன். நூறு சதவீதம் என்று காட்டியது. ஆஃப் செய்து போட்டேன். நீளமாக ஒரு பீப், பிறகு இரண்டு சின்ன பீப். திரை கறுப்பு.

கார்டைக் கழற்றிவிட்டுப் போட்டால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. மதர்போர்டிலேயே இருக்கும் டிஸ்ப்ளே இணைப்பில் படமும் வந்தது. கார்டைச் செருகினால் உடனே பீப். அப்படியென்றால் புரோகிராம் வழியாகச் சரியான ஃபைலைத் திரும்ப ஏற்றுகிற சுலபமான வழி அடைபட்டுவிட்டது. கூலரைக் கழற்றி மெமரி சிப்புகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் ஏற்றிய ஃபைல் வேறு கம்பெனி மெமரிக்கு உண்டானது. மாடல் பெயர் ஒன்று, உள்ளே பொருள் வேறு. புரோகிராம் அதைத்தான் இரண்டு முறை கேட்டிருக்கிறது.

இம்தியாஸ் கவுன்டரில் யாருக்கோ லேப்டாப் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் போகும்வரை காத்திருந்து, “தம்பி, பொம்மிடி கார்ட நான் கெடுத்துட்டேன்” என்றேன்.

அவர் டேபிளுக்கு வந்து உட்கார்ந்தார். “கடைசியா எது வேலை செஞ்சதுக்கா?”

பயாஸ் ஏற்றுவதற்கு முன் விண்டோஸில் படம் நன்றாக வந்தது, மெமரி சோதனையும் செய்தேன் என்றேன். பிரதி எடுக்காததையும் இரண்டு முறை ‘ஒய்’ அழுத்தியதையும் சொன்னேன்.

“அப்ப கார்டு நல்ல கார்டுதான். எழுத்து மட்டும் தப்பாயிருக்குது” என்றார். “அவங்களுக்கு ஃபோன் போடுங்கக்கா. நாளைக்கு வந்து பாத்துத் தெரிஞ்சுக்கறாப்ல விடக்கூடாது. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்” என்றார்.

என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான ஃபோன் அது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. பிறகு கலையரசி, சனிக்கிழமைக்குள் பன்னிரண்டு பல் அனுப்பவேண்டும், அனுப்பாவிட்டால் லேப் வேலையை வேறு ஆளிடம் மாற்றிவிடும், மாற்றினால் திரும்பி வராது என்றார். அன்றைக்குச் செவ்வாய். வேறு கார்டு கொடுத்துச் சமாளிக்கலாம் என்றால் அது சிப் தட்டுப்பாட்டால் கார்டே கிடைக்காத காலம். இம்தியாஸ் எனக்கு எதிரிலேயே சேலத்துக்கும் பெங்களூருக்கும் பேசிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. கடையில் இருந்த சின்னக் கார்டில் அந்தப் பல் சாஃப்ட்வேர் திறக்கவே திறக்காது.

புதன்கிழமை முழுக்க இணையத்தில் தேடினேன். அந்த மாடலுக்கு எத்தனையோ ஃபைல்கள் இருந்தன. இந்தக் கார்டில் அச்சிட்டிருந்த போர்டு எண்ணும் இந்த மெமரியும் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. மறுபடியும் ஒரு ‘இருக்கலாம்’ ஃபைலை ஏற்ற எனக்குத் துணிவில்லை, இம்தியாஸும் விடவில்லை. இதே கார்டு உயிரோடு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கலையரசியிடம் இந்த நிலைமையைச் சொல்லியிருந்தேன், சாயந்திரம் அவரே ஃபோன் செய்தார். சேலத்தில் கார்டு வாங்கிய அன்று அதே கடையில் அதே கார்டை இன்னொருவரும் வாங்கினார், கம்பைநல்லூர்க்காரர், பெயர் சிவராஜ், கார்டை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேரில் தகராறு வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதற்காக நம்பர் வாங்கி வைத்திருந்தேன், இப்போது பேசிவிட்டேன், நாளைக்கு வரச் சொல்கிறார் என்றார். தன் பொருளைக் கெடுத்தவளுக்காக அந்தப் பெண் ஊர் ஊராக ஃபோன் செய்துகொண்டிருந்திருக்கிறார். சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை பஸ் பிடித்தேன். பையில் இரண்டு பென்டிரைவ், எங்கள் கார்டின் ஸ்டிக்கர், போர்டு எண், மெமரி எழுத்து எல்லாவற்றின் படங்களும். சிவராஜ் மஞ்சள் வியாபாரக் குடும்பம். மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்து, கட்டப்போகிற வீடுகள் எப்படி இருக்கும் என்று இன்ஜினியர்களுக்குப் படம் செய்து கொடுக்கிறார். நான் போனபோது ஒரு வீட்டின் படம் கம்ப்யூட்டரில் உருவாகிக்கொண்டிருந்தது. முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். நான் காத்திருக்கிறேன் என்றேன்.

அவரிடம் கலையரசி எவ்வளவு சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் மேலே போகவும் மனமில்லை. “ஒரு விசயம் தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா சரின்னு சொல்லுங்க. அவங்க கார்டு தானா கெடலீங்க. நான்தான் தப்பு ஃபைல ஏத்திக் கெடுத்தேன்” என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என் கார்டுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?”

“உங்க கார்டுல ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன். அதுல இருக்கற பயாஸப் படிச்சு ஒரு பிரதி எடுக்கறது மட்டுந்தான். ஆனா நானே பண்றேன்னு சொல்லல. மவுஸ நீங்க புடிங்க. நான் சொல்றத நீங்க படிச்சுப் பாத்துட்டு அழுத்துங்க. வேணாம்னு தோணுனா அந்த எடத்துலயே நிறுத்திக்கலாங்க.”

அவர் திரையில் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டினார். அந்த வீட்டுப் படம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். கீழேயிருந்து டீ வந்தது. இரண்டு மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

படம் முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, “சொல்லுங்க மேடம்” என்றார்.

முதலில் எல்லாவற்றையும் ஆஃப் செய்து கேபினட்டைத் திறந்து, கார்டின் ஸ்டிக்கரையும் போர்டு எண்ணையும் என் படங்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டோம். அவர் படித்தார், நான் படத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றுதான். பிறகு போட்டு, மெமரி யார் செய்தது என்று ஒரு புரோகிராமில் பார்த்தோம். அதுவும் அதேதான். அதன் பிறகு ‘சேமி’ என்ற பட்டனைத் தவிர வேறெதையும் தொடாமல், பயாஸை மூன்று முறை படித்து மூன்று ஃபைலாக வைத்தோம். மூன்றையும் ஒப்பிட்டால் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. இரண்டு பென்டிரைவிலும் போட்டுக்கொண்டேன். அவர் கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, அந்த வீட்டுப் படத்தைத் திறந்து, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று அவரே சொன்ன பிறகுதான் கிளம்பினேன். ஏதாவது கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, “கார்டு ஓடுச்சுன்னா ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க, போதும்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியது. கார்டின் பின்பக்கம், ஓரத்தில், எட்டுக் கால் வைத்த சின்ன சிப். பயாஸ் இருப்பது அதில்தான். புரோகிராமர் என்று ஒரு கருவி உண்டு, கம்ப்யூட்டரிலிருந்து நேராக சிப்பில் எழுதுவதற்கு. அதன் கிளிப்பை எடுத்து சிப்பைக் கவ்வப் போனேன். இம்தியாஸ் என் கையைத் தொடாமல், கைக்கும் கார்டுக்கும் நடுவே பூதக்கண்ணாடியை நீட்டினார்.

“நம்பரப் படிங்கக்கா.”

படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அது 1.8 வோல்ட் சிப். எங்கள் புரோகிராமர் கொடுப்பது 3.3. நேராக மாட்டியிருந்தால் சிப்பும் போயிருக்கும். நடுவே வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டரை மாட்டினோம். இதைப் பற்றி அவர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

கிளிப்பை வைத்து மூன்று முறை படித்தேன். மூன்றும் மூன்று விதமாக வந்தது. கிளிப் கொடுக்கிற கரண்டை மற்ற பாகங்களும் இழுத்துக்கொள்வதால் வருகிற குழப்பம் அது. படிப்பதே நம்ப முடியாதபோது எழுதினால் எப்படி நம்புவது? சிப்பைக் கழற்றியே ஆகவேண்டும். நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிய பொருள். சுற்றிலும் கடுகு போலச் சின்னப் பாகங்கள். வெப்பம் கூடினால் போர்டில் பதித்த செம்புத் தடம் உரிந்துவிடும், குறைந்த வெப்பத்தில் இழுத்தாலும் உரிந்துவிடும்.

இப்படி ஆயிரம் சிப் எடுத்த நான் அன்றைக்கு ட்வீசரை இம்தியாஸ் பக்கம் நகர்த்தினேன். நீங்கள் எடுங்கள் தம்பி என்றேன். அவருக்கும் அந்த வேலை நன்றாகத் தெரியும்.

“நீங்களே பண்ணுங்கக்கா” என்றார். “நான் லைட் புடிக்கறேன்.”

டேபிள் விளக்கு இருந்தது. அது போதாது என்று அவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நின்றார். கடை முதலாளி, கவுன்டரில் ஆள் வந்து நிற்க நிற்க, நான் முடிக்கும்வரை அங்கிருந்து அசையவில்லை. சுற்றியிருந்த பாகங்களுக்கு வெப்பம் தாங்கும் டேப் ஒட்டினேன். சிப்பின் கால்களில் ஈயம் இளக உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவினேன். ஹாட் ஏரை வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஈயம் மினுங்கும் வரை காத்திருந்து, ட்வீசரால் தொட்டேன். சிப் தானாக மிதந்து வந்தது. அடியில் எட்டுத் தடமும் அப்படியே இருந்தன. அப்போதுதான் நான் மூச்சை விட்டேன். விளக்கு லேசாக ஆடியதைப் பார்த்தேன், அவரும் விட்டிருக்கிறார்.

வெளியே எடுத்து புரோகிராமரின் சாக்கெட்டில் வைத்துப் படித்ததும் மூன்று முறையும் ஒன்றாக வந்தது. கெட்டுப்போன அந்த எழுத்தையும் பத்திரமாக ஒரு பிரதி எடுத்தேன். கம்பைநல்லூர் ஃபைல் சிப்பின் கொள்ளளவை விடச் சின்னதாக இருந்தது. மீதி இடத்தை வெற்று எழுத்தால் நிரப்பி அளவைச் சரிசெய்தேன். பிறகு அழித்து, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டேன். பொருந்தியது. சிப்பின் புள்ளியும் போர்டின் குறியும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்த பிறகு திரும்ப ஈயம் வைத்தேன்.

ஆறவிட்டு, செருகி, போட்டோம். பீப் இல்லை. ஃபேன் சுற்றியது. மதர்போர்டு டிஸ்ப்ளேயில் பார்த்தால் கார்டின் பெயர் சரியாக வந்திருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இம்தியாஸ் மானிட்டரைக் கார்டில் மாட்டப் போனார். கலையரசி மானிட்டரோடு கொண்டுவந்த, டிஸ்ப்ளே போர்ட் என்ற வகைக் கேபிள் எங்கேயோ அடியில் மாட்டிக்கொண்டதால், கைக்குக் கிடைத்த கடையின் எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டார்.

திரை உடனே வந்தது. விண்டோஸுக்கு முன்பே, முதல் எழுத்திலிருந்தே வந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏற்றியிருந்தது முன்பு இருந்த அதே பழைய பயாஸ்தான், மாறியது கேபிள் மட்டும். கேபிளை மாற்றியிருந்தால் போதும். பயாஸைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. இம்தியாஸுக்குச் சிரிப்பு வந்தது, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். பிறகு எனக்கும் வந்துவிட்டது. சிவராஜுக்கு ஃபோன் செய்து கார்டு ஓடுகிறது என்றேன். அப்பாடா என்றார், தன்னுடைய கார்டைச் சொன்ன மாதிரி.

மத்தியானமே கேபினட்டையும் மானிட்டரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பொம்மிடி போனேன். மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது கலையரசியின் வீடு. கடையின் எச்டிஎம்ஐ கேபிளோடு வயரெல்லாம் மாட்டி, போட்டு, முதல் எழுத்திலிருந்தே திரை வருவதைக் காட்டினேன். கேபிள் விஷயத்தையும் ஒளிக்கவில்லை. மொதல்லியே இத மாத்திப் பாத்திருந்தா உங்களுக்கு இந்த அலைச்சலே இல்லீங்க என்றேன். அவர் அந்தக் கேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து பல் சாஃப்ட்வேரைத் திறந்தார்.

திரையில் ஒரு கடைவாய்ப் பல் வந்தது. மவுஸை நகர்த்த நகர்த்த அது மெல்லத் திரும்பியது. ஒரு மேட்டைக் கொஞ்சம் குறைத்தார், பக்கத்துப் பல்லோடு உரசுகிறதா என்று பார்த்தார், மறுபடியும் குறைத்தார். பன்னிரண்டில் முதலாவது. நான் நிற்பதையே மறந்துவிட்டார் என்று தோன்றியது. பஸ்ஸில் யோசித்து வைத்த வார்த்தைகளை அந்த முதுகிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வர்றேங்க என்று மெதுவாகச் சொல்லி வாசற்படியில் இறங்கினேன்.

“அக்கா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஃபேன் கொஞ்சம் சத்தம் வருது பாருங்க. அவசரம் இல்ல. அடுத்த தடவ கொண்டாரப்ப அதையும் பாத்துக் குடுங்க.”

சரிங்க என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். அடுத்த தடவை என்று சொல்லியிருக்கிறார்.